வல்லொற்றின் சான்று: தமிழ் மறைகுறிப்புப் புதிர்களில் புணர்ச்சியும் நேர்மையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் கிரிப்டிக் எனப்படும் குறுக்கெழுத்துப் புதிர் வகை தமிழிலும் ஆக்கப்பட்டு வருகிறது. இப்புதிர்களின் கடினமான குறிப்புகளைக் கூடித் தீர்ப்போர், ஒரு குறிப்பு நேர்மையானதா என்று வாதிடும்போது ஆங்கிலப் புதிர் மரபின் அளவுகோல்களையே பெரிதும் கையாளுகின்றனர். தமிழ்க் குறிப்பின் நேர்மையைத் தீர்மானிப்பவை எழுத்தலகும் புணர்ச்சியுமே என்பதும், அவற்றுள்ளும் வல்லொற்றே தலையாய சான்று என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். எடுத்துக்காட்டுக் குறிப்புகள் அனைத்தும் விளக்கத்தின் பொருட்டு ஆக்கப்பட்டவை.

திறவுச்சொற்கள்: மறைகுறிப்பு, வல்லொற்று, புணர்ச்சி, சித்திரகவி, பிரிமொழிச் சிலேடை, பெயரெச்சம்

முன்னுரை

குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் முதன்முதல் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். அப்புதிரில் குறிப்பு என்பது விடையின் பொருளைச் சொல்வது மட்டுமே. குறிப்பையே ஒரு புதிராக்கிய வகை இங்கிலாந்தில் வளர்ந்தது. டார்க்கமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் போயிஸ் மாதர்ஸ் 1926 முதல் 1939 வரை அப்சர்வர் இதழில் ஆக்கிய புதிர்கள் அவ்வகையை நிலைநிறுத்தின. அவருக்குப் பின்வந்த டி.எஸ். மக்நட், சிமெனிஸ் என்ற பெயரில் எழுதி, 1966இல் வெளியிட்ட நூலில் குறிப்பிற்கு இலக்கணம் வகுத்தார். டார்க்கமாடா, சிமெனிஸ் இரண்டுமே எசுபானியச் சமய விசாரணைத் தலைவர்களின் பெயர்கள். தீர்ப்போரை வதைப்பது தொழிலென்று புதிராளர்களே ஒப்புக்கொண்ட நகை இது.

மறைகுறிப்பு ஒன்றில் இரு வழிகள் உள. ஒன்று விடையின் பொருளை நேரே சுட்டுவது. இதனைப் பொருள்வழி எனலாம். மற்றொன்று விடையின் எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் கலைத்தும் பெறச் செய்வது, இது எழுத்துவழி. இரண்டும் ஒரே தொடரில் தையல் தெரியாமல் இணைந்திருக்கும். அத்தொடரை இயல்பாகப் படிக்கையில் கிடைக்கும் மேற்பொருள் தீர்ப்போரைத் திசைதிருப்பும். இரு வழியும் ஒரே விடையில் வந்து முடியும்போதே குறிப்பு தீர்ந்ததாகக் கொள்ளப்படும். ஆகவேதான் இப்புதிர்களில் ஈடுபட்டோர் கூடிப் பேசும்போது, 'விடை தெரியும், வழி தெரியவில்லை' என்பவரைத் தீர்த்தவராக ஏற்பதில்லை. விடையைக் காட்டிலும் அதன் பிரிப்பே அவர்களின் உரையாடற் பொருள். ஒருவர் பிரித்துக் காட்ட, மற்றொருவர் தடை எழுப்ப, மூன்றாமவர் விடையிறுக்கும் அம்முறை, நூற்பாவுக்கு உரை கண்டோரின் தடைவிடை முறையை நினைவூட்டுவது.

தமிழ் மரபில் முன்னோடிகள்

தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை இருவகைப்படுத்துகிறது. உவமையொடு பொருந்தி வருவது ஒன்று; தோன்றும் ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் துணியச் செய்வது மற்றொன்று. இரண்டும் பொருளை மறைப்பனவேயன்றி எழுத்தைத் தொடுவன அல்ல. எழுத்தைத் தொடுவது சித்திரகவி. தண்டியலங்காரச் சொல்லணியியலில் வரும் எழுத்து வருத்தனம் எழுத்துகளைக் கூட்டிக்கொண்டே சென்று வெவ்வேறு பொருள் காட்டுவது. அக்கரச்சுதகம் எழுத்துகளைக் குறைத்துக்கொண்டே செல்வது. காதைகரப்பும் கரந்துறைச் செய்யுளும் ஒரு செய்யுளுள் மற்றொன்றை ஒளிப்பன. வினாவுத்தரம் இன்னும் நெருக்கமானது. பல வினாக்களுக்குரிய விடைகளைக் கோத்தால் இறுதி வினாவின் விடை கிடைக்கும். மறைகுறிப்பில் சொற்களை அடுக்கி விடை பெறும் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

இவ்வொப்புமையைக் கொண்டு கிரிப்டிக் புதிர் தமிழில் முன்பே இருந்தது என்று கூறுவது மிகை. சித்திரகவியில் எழுத்தின் விளையாட்டு வெளிப்படையானது. கேட்போர் ஏமாறுவது அதன் நோக்கமன்று. சிலேடையிலோ இரு பொருளும் புலவரால் கருதப்பட்டவை. காளமேகத்தின் சிலேடை வெண்பாவில் இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. மறைகுறிப்பில் மேற்பொருள் தள்ளப்படுவதற்கென்றே படைக்கப்படுகிறது. முன்னோடிகள் தருவது வடிவத்தையன்று, மதிப்பிடும் சொற்களை. அச்சொற்கள் இன்றைய உரையாடல்களில் போதிய அளவு பயன்படவில்லை என்பதே குறை.

எழுத்தலகு

தமிழ்ப் புதிர்க் கட்டத்தில் ஓர் அறைக்கு ஓர் எழுத்து. உயிர்மெய் ஓர் எழுத்து. புள்ளி பெற்ற மெய்யும் ஓர் எழுத்து. 'தமிழ்' என்பதற்கு மூன்று அறைகள். வரிவடிவ நோக்கில் இது இயல்பானதே. ஆயினும் தொல்காப்பியர் உயிர்மெய்யை முதலெழுத்தாகவோ சார்பெழுத்தாகவோ எண்ணவில்லை. நன்னூலாரே அதனைச் சார்பெழுத்துள் வைத்தார். அலகை மாற்றினால் விடையும் மாறும் என்பதற்கு ஒரு சொல் போதும். வான்மீகியின் கதை வழியே 'மரா' என்பதைத் திருப்பினால் 'ராம' என வரும் என்பது பலரும் அறிந்தது. அங்கே அலகு உயிர்மெய். அதே சொல்லை ம், அ, ர், ஆ என நான்காகப் பிரித்துத் திருப்பினால் ஆ, ர், அ, ம், அதாவது 'ஆரம்'. ஒரே கட்டளைக்கு இரு விடைகள்.

மாலைமாற்று மரபு உயிர்மெய்யையே அலகாகக் கொண்டது. சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்து முதற்பாட்டில் நெடில் உயிர்மெய்களே பயில்வது நோக்கத்தக்கது. புள்ளியெழுத்து வந்தால் திருப்பும்போது அது அடுத்த எழுத்தோடு இசையாது இடரும். புதிராளர்களும் இம்மரபைப் பின்பற்றுவதே முறை. 'மரா' என்பதற்கு 'ஆரம்' என விடை கோரும் குறிப்பு அறிவு நுட்பம் உடையதாயினும், கட்டம் எந்த அலகால் எண்ணப்படுகிறதோ அதே அலகால் எழுத்துவழியும் செல்ல வேண்டும் என்ற நெறியை மீறுகிறது.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கலைத்து மாற்றுவது எளிது. 247 எழுத்துகளில் அவ்வாறு கலைந்து மற்றொரு சொல்லாவன குறைவு. கிடைக்கும்போது சிறப்பாகவே அமையும்:

கலைந்த கனவாம், ஏறிச் செல்ல உதவுவது (4)

'கனவாம்' என்பதன் நான்கு எழுத்துகளையும் கலைக்க 'வாகனம்'. கனவு கலைதல் என்ற வழக்கு கலைத்தற் கட்டளையை மறைத்துவிடுகிறது. இத்தகையன அரிதாகையால் தமிழ்ப் புதிராளர் அக்கரச்சுதகத்தையும் மாத்திரை மாற்றத்தையும் மிகுதியும் நாடுகின்றனர். 'மாலை குறுகக் குன்று தெரியும் (2)' என்பதில் நெடில் குறிலாக 'மலை'. 'தலையிழந்த நகரம், உதவிக்கு நீள்வது (3)' என்பதில் முதலெழுத்து நீங்கக் 'கரம்'. முன்னதில் 'குறுகுதல்' என்பது எழுத்தின் எண்ணிக்கை குறைதலையும் சுட்டலாமே என்று தீர்ப்போர் ஐயுறுவதுண்டு. இலக்கணத்தில் குறுக்கம் என்பது மாத்திரை பற்றியது. எழுத்து நீங்குதல் கெடுதல் அல்லது குறைதல். பின்னைய அணிநூல்களும் உரைகளும் பேசும் மாத்திரைச் சுருக்கமும் இவ்வேறுபாட்டைக் காப்பது. இவ்வரையறையைப் புதிராளர் ஏற்பின் ஐயம் எழாது.

முதலையும் வாரணமும்

முதலை விட்ட வாரணம், ஆறாத புண் (3)

இக்குறிப்பைப் படித்தவுடன் கசேந்திரன் கதை மனத்தில் எழும். அதுவே பொறி. 'முதலை' என்பது விலங்கன்று. 'முதல்' என்பது இரண்டனுருபு ஏற்றது. முதலெழுத்தை விட்ட 'வாரணம்' 'ரணம்'. பொருள்வழி 'ஆறாத புண்'. விடுதல் என்னும் வினை மேற்பொருளில் விடுவித்தலையும் உட்பொருளில் நீக்குதலையும் தருகிறது. 'முதலை' பிரிந்தும் பிரியாதும் நின்று பொருள் தருவதால் பிரிமொழிச் சிலேடை.

இங்கு நுட்பம் சிலேடையில் மட்டும் இல்லை. பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர் செய்பவனாகவும் செயப்படுபொருளாகவும் பிறவாகவும் அமையலாம் என்பது நன்னூல் கூறும் விதி. மேற்பொருளில் விட்டது முதலை; வாரணம் விடப்பட்டது. உட்பொருளில் விட்டது வாரணம்; விடப்பட்டது அதன் முதல். ஒரே 'விட்ட' எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் சொற்களின் வரிசையே எழுவாயையும் செயப்படுபொருளையும் காட்டுவதால், ஒரு சொல்லும் இடம்பெயராமல் இவ்வாறு மாற்றுவது அங்கு எளிதன்று. தமிழுக்கே வாய்த்த வசதி இது.

பெயரெச்சத் தொடர் மற்றொரு இடரையும் தீர்க்கிறது. எழுத்துவழிக்கு உரிய மூலச்சொல் சிதையாமல் தொடரில் நிற்க வேண்டும். 'வாரணத்தின் முதலை விட்டு' என எழுதினால் அத்துச்சாரியை புகுந்து மகரத்தைக் கெடுத்துவிடும். விடைக்கு வேண்டிய 'ம்' குறிப்பிலேயே இராது. மகர ஈற்றுப் பெயர்கள் அனைத்திற்கும் இத்தொல்லை உண்டு. பெயரெச்சத்தின் முடிக்குஞ்சொல்லாக வரும்போது பெயர் உருபின்றி முழுமையாக நிற்கிறது. மேலே காட்டிய 'கலைந்த கனவாம்', 'தலையிழந்த நகரம்' ஆகியனவும் இவ்வமைப்பினவே.

இனி வல்லொற்று. 'விட்ட' என்பதற்கு ஈடாகத் 'துறந்த' என்று புதிராளர் எழுதியிருப்பின் நிலைமை என்ன? முதலை என்னும் விலங்கு துறந்ததாயின் எழுவாய்த் தொடர். 'முதலை துறந்த' என இயல்பாகும். முதலெழுத்தைத் துறந்ததாயின் இரண்டாம் வேற்றுமை விரி. 'முதலைத் துறந்த' என வல்லொற்று மிகும். ஒற்றிட்டு எழுதினால் மறைப்பு வெளிப்பட்டுவிடும்; ஒற்றின்றி எழுதினால் உட்பொருளில் பிழை. இரண்டில் எதை எழுதினாலும் குறிப்பு கெடும். 'விட்ட' என்பது இடையின முதலாக அமைந்ததால் மட்டுமே இருபொருளும் ஒரே வரிவடிவில் தங்குகின்றன. 'வேலை செய்தான்' பணியையும் 'வேலைச் செய்தான்' ஆயுதத்தையும் குறிப்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அதே விதி இங்கே புதிராளரின் கையைக் கட்டுகிறது.

ஒற்று நிறுத்தக்குறியா, எழுத்தா?

ஆங்கிலப் புதிர் மரபில் குறிப்பின் நிறுத்தக்குறிகளைத் தீர்ப்போர் புறக்கணிக்கலாம். வேண்டாத இடத்தில் பெரிய எழுத்தையிட்டு மயக்குவதும் ஏற்கப்படுகிறது. வேண்டிய இடத்தில் அதனை நீக்குவதைச் சிமெனிஸ் வழியினர் ஏற்பதில்லை. எழுத்துக்கூட்டலைத் திரிக்க எவருக்கும் உரிமை இல்லை. அப்ரிட் என்ற பெயரில் எழுதிய ஏ.எப். ரிச்சி 1949இல் வெளியிட்ட நெறியின் சாரமும் இதுவே: குறிப்பு எதை வேண்டுமானாலும் எண்ணச் செய்யலாம், ஆனால் எழுத்தெழுத்தாகப் படிக்கும்போது கருதிய வழியைத் தந்தே தீர வேண்டும்.

தமிழ் ஒற்று இவ்விரண்டில் எதனைச் சாரும் என்பதே தீர்ப்போரிடை எழும் பூசல்களின் மையம்.

வளையா கம்பியினுள் வேள்வி (3)

'வளையா கம்பி' என்பதனுள் தொடர்ந்து நிற்கும் மூன்றெழுத்து 'யாகம்'. ஆனால் 'வளையா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதன்பின் வல்லினம் மிகும். 'வளையாக் கம்பி' என்று எழுதினால் ஒளிந்திருப்பது 'யாக்கம்'. ஒற்றை நிறுத்தக்குறி போலக் கருதுவோர் இக்குறிப்பை ஏற்பர். இக்காலத்து அச்சிதழ்களில் ஒற்று விடுபடுவது இயல்பாகிவிட்டது என்பது அவர்கள் வாதம். அவ்வாதம் நிற்காது. நிறுத்தக்குறிக்கு ஒலியில்லை, வல்லொற்றுக்கு அரை மாத்திரை ஒலி உண்டு. கட்டத்தில் அதற்கென ஓர் அறையும் உண்டு. விடையில் ஓர் எழுத்தாக எண்ணப்படுவதைக் குறிப்பில் இல்லாததாகக் கொள்வது முரண்.

புணர்ச்சி விதியைப் புதிராளர் பகையாகக் கருத வேண்டியதில்லை. வினாப்பொருள் தரும் ஆகார ஈற்றின்பின் வல்லினம் மிகாது. ஆகவே,

தீயா கம்பளமா, உள்ளே வேள்வி? (3)

என்னும் குறிப்பில் அதே 'யாகம்' பிழையின்றி ஒளிந்திருக்கிறது. இவ்வாறே 'கவி தைத்ததில் மறைந்திருப்பது முளைக்கும் (2)' என்பதில் எழுவாய்த் தொடர் ஒற்றின் வரவைத் தடுக்க, 'விதை' கிடைக்கிறது. விதி அறிந்த புதிராளருக்கு மிகா இடங்கள் அனைத்தும் ஒளிப்பிடங்கள். தீர்ப்போருக்கும் அது பயன்படும்: வர வேண்டிய ஒற்று வராத இடத்தில் தொடரின் இலக்கணம் தோற்றத்தினின்று வேறானது என்று ஐயுறலாம். ஆனால் புதிராளர் ஒற்றைத் தவறாமல் எழுதுபவர் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே அவ்வையம் பொருளுடையது. விடுபட்ட ஒற்று பிழையா குறிப்பா என்று தெரியாத நிலையில் தீர்ப்போரின் இலக்கண அறிவு அவருக்கே எதிராகிறது.

கள்ளும் பேச்சும்

வல்லொற்றைவிடச் சிக்கலானது உயிரீற்றுப் புணர்ச்சி. 'கள்ளும் பேச்சும் கூடும் ஊர் (3)' என்ற குறிப்பிற்கு 'மதுரை' விடை. கள் 'மது', பேச்சு 'உரை'. படிக்க இனியது, பிரிக்கும்போது இடறுகிறது. 'மது' தனிக்குறிலை அடுத்த உகரம் உடையதாகையால் முற்றியலுகரம். உயிர் வந்தால் உடம்படுமெய் பெற்று 'மதுவுரை' என்றாவதே முறை. முற்றியலுகரமும் ஒரோவழிக் குற்றியலுகரம் போல மெய்விட்டோடும் என்ற நன்னூல் இசைவைப் புதிராளர் காட்டக்கூடும். 'கதவழகு' போன்ற வடிவங்களுக்கு அமைந்த அவ்விசைவு வழக்கினால் பெறப்படுவது. வேண்டியபோது எடுத்தாளும் உரிமையன்று. 'மதுரை' என்பதை 'மது + உரை' எனப் பிரித்த வழக்கும் இல்லை.

திருத்தம் இலக்கணத்திலிருந்தே கிடைக்கிறது. 'கள்ளும் உயிர்விட்ட உரையும் கூடும் ஊர் (3)' என எழுதினால், உயிரெழுத்தை விட்ட 'உரை' 'ரை'. 'மது'வொடு சேர 'மதுரை'. திருத்தப்பட்ட வடிவம் முன்னதினும் இருண்டது. நேர்மை எளிமையைக் குறிப்பதன்று என்பதை இக்குறிப்பிற் காணலாம்.

தகரத்தின் ஐயம்

தகரமும் வளையும் மழை வந்தால் கத்தும் (3)

மேற்பொருளில் 'தகரமும்' என்பதன் உம்மை சிறப்பும்மை. 'வளையும்' செய்யும் என்னும் முற்று. உட்பொருளில் இரண்டும் எண்ணும்மை: தகரம் என்னும் எழுத்தும் வளை என்னும் அணியும் சேரத் 'தவளை'. 'மழை வந்தால் கத்தும்' பொருள்வழி. கரச்சாரியை பெற்ற எழுத்துப்பெயர் உலோகப்பெயரோடு ஒத்திருப்பதும், ஒரே உம் இருவேறு இலக்கணம் பெறுவதும் ஒருங்கே அமைந்த குறிப்பு இது. இதனை மறுப்போர் கூறும் தடை, விடை பெயராயிருக்கப் பொருள்வழி வினைமுற்றாக உள்ளது என்பது. 'கத்துவது' என்றிருக்க வேண்டும் என்பர். ஆங்கில நெறிப்படி அத்தடை சரி. தமிழ் விடுகதை மரபிலோ வினைமுற்றால் இயல்பைச் சொல்லி, 'அது என்ன' என்பதை எஞ்ச விடுவது தொன்றுதொட்ட வழக்கு. அவ்வழக்கைப் புதிரில் மறுக்கக் காரணமில்லை.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. இலக்கண நூல்களில் மெய்யெழுத்துகளும் அகரம் பெற்றே சொல்லப்படுவன. அவ்வாறாயின் தகரம் என்பது 'த'வா, 'த்'தா? 'தவளை'யில் அது உயிர்மெய். 'தகரம் நுழைந்த கதை ஒரு கட்டு (3)' என்பதில் விடை 'கத்தை'. அங்கே அது மெய். இரண்டும் இலக்கணத்திற்கு உட்பட்டவை. இரண்டையும் ஏற்கவே வேண்டும். சொல்லின் முதலில் வரும்போது ஐயமில்லை, மெய் மொழிமுதலாகாது. இடையில் வரும்போது கட்டத்தைத்தான் நாட வேண்டும்: அதே அறையில் மற்றொரு சொல் தொடங்குமாயின் அங்கு நிற்பது 'த', அவ்வறை குறுக்குச் சொல்லின் நடுவில் விழுமாயின், அச்சொல்லைத் தீர்க்கும்வரை தகரம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.